பேரனும் பெயரும்

மகனுடைய மகனையும் மகளுடைய மகனையும் தமிழர் பேரன் என்பர். இச்சொல்லை நாள்தோறும் வழங்குவோருள் அதன் பொருளை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. பெயரன் என்பதே பேரன் எனத் திரிந்தது. பெயர்த்தி என்பது பேர்த்தியாகிப் பின்னர்ப் பேத்தியாயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்கி வருபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்கி வருபவள் பெயர்த்தி. ஓர் உறவுமுறைக்கே பெயரை அடியாகக் கொண்டு சொல் அமைத்த மக்கள், பெயரிடுதலை எத்துணைப் பெரிய செயலாகக் கருதியிருத்தல் வேண்டும் என்பதை இஃதொன்றே உணர்த்தும்.

தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று குறைபட்டுக்கொள்வோர் உளர். அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும் மாணவன், படிவத்தில் அதற்கென விடப்பட்ட கட்டத்தைக் கண்டு திகைத்து, தந்தையின் பெயரை அங்கு எழுதிவிடுகிறான். அந்நாட்டு ஆசிரியர் அவனை அவன் தந்தையின் பெயராலேயே அழைக்கின்றனர். சீனருக்கு அத்தகைய பெயர் முதலிலேயே நிற்கிறது. தெலுங்கருக்கு இண்டிபெயர் உண்டு. மலையாளிகளுக்கு வீட்டுப்பெயர் உண்டு. தமிழருக்கோ பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு நேரே இறங்குவதில்லை. பாட்டனிடமிருந்து ஒரு தலைமுறையைத் தாண்டிப் பேரனிடம் வந்து சேர்கிறது. இதற்கு அரச மரபிலும் சான்று உண்டு. சோழ வேந்தர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்று அவ்வாறே புனைந்தனர். தந்தைக்குப் பின் மகன் நேரே முடிசூடிய காலங்களிலெல்லாம், பாட்டனின் பட்டமே பேரனுக்கு வந்தது.

இவ்வழக்கத்தோடு மற்றொன்றும் ஒட்டி வந்தது. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லுதல் ஆகாது என்பது பழைய குடும்பங்களின் கட்டுப்பாடு. தலைமகனுக்கு மாமனார் பெயரை இட்டுவிட்டால், பெற்ற தாய் தன் பிள்ளையைப் பெயர் சொல்லி எவ்வாறு அழைப்பாள்? ஆகவே, ஐயா என்றும், ராசா என்றும், தம்பி என்றும் வீட்டுப்பெயர் ஒன்று தோன்றிற்று. முதலாம் ஆண்டு வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆசிரியர் பெரியசாமி என்று மும்முறை அழைத்தும், அப்பெயருக்குரிய சிறுவன் அசையாது அமர்ந்திருந்த காட்சி தோட்டப் பள்ளிகளில் பணியாற்றிய பழைய ஆசிரியர்களுக்குப் புதிதன்று. அன்றுதான் அவன் தன் பெயரை முதன்முதலாகக் கேட்கின்றான்.

தந்தை பெயரைச் சார்த்தித் தன் பெயரைக் கூறும் முறை தமிழரிடையே எவ்வளவு தொன்மையானது என்பதற்குக் கல்லே சான்று. கரூருக்கு அருகில் உள்ள புகழூரில் ஆறுநாட்டார் மலை என்னும் குன்று உள்ளது. அதன் குகையில் சமண முனிவர் ஒருவர் உறைவதற்குப் படுக்கை வெட்டிக் கொடுக்கப்பட்ட செய்தி தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைகளை அக்கல்வெட்டு ஒரே வரிசையில் கூறுகின்றது. பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளுக்குரிய சேர வேந்தரோடு இம்மூவரையும் ஆய்வாளர் பொருத்திக் காட்டியுள்ளனர். மகன் என்னும் சொல்லே அங்கு ஒரு பெயரை மற்றொரு பெயரோடு பிணைக்கும் கண்ணியாக நிற்கின்றது.

ஆதன் என்னும் பெயர் அரசருக்கு மட்டும் உரியதன்று. கொடுமணலில் கிடைத்த பானை ஓட்டில் கண்ணன் ஆதன் என்பதும், கீழடியில் கிடைத்த ஓட்டில் குவிரன் ஆதன் என்பதும் படிக்கப்பட்டுள்ளன. தம் பானையில் தம் பெயரைக் கீறி வைத்த இம்மாந்தர் எவர் என்று இன்று அறிய வழியில்லை. எனினும், முதலில் ஒரு பெயரும் அடுத்து ஒரு பெயருமாக இரண்டு நிற்கும்போது முன்னது தந்தையினுடையது எனக் கொள்ளுதல் தமிழ் மரபு. தொல்காப்பியமும் இதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. சாத்தன் மகன் கொற்றன் எனில் சாத்தங்கொற்றன் என்றும், கொற்றன் மகன் கொற்றன் எனில் கொற்றங்கொற்றன் என்றும் புணரும். குறுந்தொகை முதலிய தொகைநூல்களில் காணப்படும் சேந்தம்பூதனார் என்னும் புலவர் பெயரும் இவ்வகையினதே. அவர் சேந்தன் மகன் பூதன்.

இனி, இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்றும் இருந்தது. மகனைக் கொண்டு தந்தையைக் குறிப்பது அது. ஆதன் என்பதோடு தந்தை என்பது சேர்ந்து ஆந்தை எனவும், பூதன் என்பதோடு தந்தை சேர்ந்து பூந்தை எனவும் முடியும் என்பது தொல்காப்பிய விதி. கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையார் பறவையின் பெயரைத் தாங்கியவர் என்று மயங்கும் மாணவர் இன்றும் உளர். பிசிர் என்னும் ஊரினராகிய, ஆதனுக்குத் தந்தையார் என்பதே அதன் பொருள். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. மகன் பெயரே தந்தைக்கு அடையாளமாக நின்றுவிட்டது. இன்றும் ஊர்ப்புறங்களில் மனைவி கணவனைப் பெயர் சொல்லாது 'முருகன் அப்பா' என்று அழைப்பதில் அப்பழைய ஆந்தையின் சாயலே உள்ளது.

சங்கப் புலவரின் பெயர்களைத் தொகுத்து நோக்கினால், ஒருவரை அடையாளப்படுத்த அக்காலத்தார் எவற்றையெல்லாம் துணைக்கொண்டனர் என்பது விளங்கும். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்பன ஊரும் உடைமையும் குறித்தன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன்வேலை செய்தவர். தொழிலைச் சொல்ல எவரும் நாணியதாகத் தெரியவில்லை. கீரன் நக்கீரன் ஆனதும், செள்ளை நச்செள்ளை ஆனதும் 'ந' என்னும் சிறப்பு முன்னொட்டினால். பெயர் அறியப்படாத புலவர்க்கு அவர்தம் பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்துப் பெயராக்கித் தந்தனர் தொகுத்தோர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், குப்பைக்கோழியார் என்பன அத்தகையன. ஒருவனுக்கு அவன் படைத்த உவமையே பெயராக அமைந்த பேறு வேறு எம்மொழியில் இத்துணை மிகுதியாக உண்டோ அறியோம்.

ஆயின் பாரி மகளிர்க்கு அப்பேறும் வாய்க்கவில்லை. தந்தையை இழந்து, குன்றையும் இழந்து அவர்கள் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. பாடியோர் பெயர் மட்டும் இல்லை. தந்தையின் பெயரே அவர்களுக்கும் பெயராயிற்று. அங்கவை, சங்கவை என்பன பிற்காலக் கதைகள் அவர்களுக்கு இட்டு வழங்கிய பெயர்களே. இச்செய்தியை நினைவிற் கொள்ளுதல் நன்று; பின்னர் மீண்டும் இவ்விடத்திற்கு வரவேண்டியிருக்கும்.

இத்தீபகற்பத்திற்கும் தமிழ்ப் பெயருக்கும் உள்ள தொடர்பு ரப்பர்க் காட்டில் தொடங்கியது என்று எண்ணுவது பிழை. தென் தாய்லாந்தின் கிராபிப் பகுதியில் உள்ள குவான் லூக் பாட் என்னுமிடத்தில் பொன்னை உரைத்துப் பார்க்கும் சிறு கல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில், இது பெரும்பத்தனின் கல் என்று பொருள்படும் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர் அறிஞர். பொற்கொல்லரைப் பத்தர் என்று வழங்குவது தமிழர் மரபு. கடல் கடந்து வந்த தட்டான் ஒருவன் தன் கருவி பிறர் கைக்கு மாறிவிடாதிருக்கத் தன் பெயரை அதில் வெட்டிக்கொண்டான். மன்னன் கொடையோ மெய்க்கீர்த்தியோ அன்று அது. ஓர் உழைப்பாளியின் உடைமைக் குறி. இம்மண்ணில் வாழும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கல் அது.

பத்தி இயக்கம் தமிழர் பெயர்களைப் பெரிதும் மாற்றியது. ஆதனும் கீரனும் கொற்றனும் மெல்ல மறைய, இறைவன் பெயர்களும் அடியார் பெயர்களும் அவ்விடத்தை நிரப்பின. திருநாவுக்கரசரின் பிள்ளைப் பெயர் மருள்நீக்கியார். அவரை நேரில் காணாமலே அவர்பால் பேரன்பு பூண்ட திங்களூர் அப்பூதியடிகள், தம் மூத்த மகனுக்கும் திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். இளைய மகனுக்கும் அப்பெயரே இட்டார். வீட்டில் இருந்த ஆவும் எருமையும், அளக்கும் கருவிகளும், அவர் வைத்த தண்ணீர்ப் பந்தலும் அப்பெயரையே பெற்றன என்று பெரியபுராணம் கூறுகின்றது. பெயரிடுவதை வழிபாடாகவே கொண்ட நிலை இது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் பெயர் நீண்டது. இன்ன நாட்டு, இன்ன ஊருடையான், இன்னான் மகன் இன்னான் ஆன இன்ன பட்டத்தான் என அது ஒரு முழு முகவரியாகவே வளர்ந்தது. இராசராசனின் படைத்தலைவன் கிருஷ்ணன் இராமன், மும்முடிச்சோழ பிரமமாராயன் எனப்பட்டான். கிருஷ்ணன் தந்தை, இராமன் மகன். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய தச்சன் குஞ்சரமல்லன், இராசராசப் பெருந்தச்சன் என்னும் பட்டம் பெற்றான். 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற அக்கோயிலின் கல்வெட்டு, பல ஊர்த் தளிகளிலிருந்து கொணர்ந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை, அவரவர் வந்த ஊர், தெரு, வீடு ஆகியவற்றோடு ஒன்றுவிடாமல் குறித்துள்ளது. நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம் என அப்பெயர்கள் தொடர்கின்றன. நக்கன் என்பது சிவபெருமான் பெயர். மானிடத் தந்தையின் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் அவர்களுக்கு இறைவன் பெயர் நிற்கின்றது. வியப்பு யாதெனில், கோயில் பல கட்டிய பேரரசி செம்பியன் மாதேவியின் இயற்பெயரை நாம் அறியோம். செம்பியன் மாதேவி என்பது சோழனின் பெருந்தேவி எனப் பொருள்படும் பட்டமே. மழவரையர் மகளார், கண்டராதித்தர் தேவியார், உத்தமசோழரின் தாயார் என்று மூன்று ஆடவரைக் கொண்டே கல்வெட்டுகள் அவரைச் சுட்டுகின்றன. ஆடல் மகளிர்க்குக் கிடைத்த பெயர் அரசிக்குக் கிடைக்கவில்லை.

அரசர் அளித்த பட்டங்கள் நாளடைவில் சாதியின் அடையாளமாக இறுகின. பிள்ளை என்பது மகன் என்னும் பொருளது. முதலி என்பது முதன்மை பெற்றவன் என்னும் பொருளது. ஒருவர் பெற்ற சிறப்பு, பிறப்பினால் அனைவர்க்கும் வாய்க்கும் வாலாகிவிட்டபின், பெயரைக் கேட்டவுடன் திண்ணையில் அமரச் சொல்வதா வாசலில் நிற்கச் சொல்வதா என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோலாயிற்று. 1929ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்கவேண்டும் என்று தீர்மானம் இயற்றியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே பெரியார் மலாயாவுக்கு வந்தார். அவர் பேச்சைக் கேட்டோரும், இங்குச் சீர்திருத்தச் சங்கங்களை நடத்தியோரும் தம் பெயரின் வாலை வெட்டிக்கொண்டனர். இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்குப் பின் பட்டம் எழுதுவதில்லை எனின், அது சட்டத்தினால் வந்ததன்று. தாமே முன்வந்து ஒரு சமுதாயம் தன் பெயரைத் திருத்திக்கொண்ட செயல் அது.

இனி, கப்பலேறி வந்தவர்களின் பெயர்களுக்கு வருவோம். கரும்புக் காடுகளுக்கும், காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணியின் ஆள்களாகவும் வந்தோர், பெட்டி படுக்கையோடு தம் குலதெய்வத்தையும் பெயரிலே சுமந்து வந்தனர். முனியாண்டி, கருப்பையா, வீராயி, காத்தாயி, அங்கம்மாள், பச்சையம்மாள் ஆகிய பெயர்களைப் பார்த்தே இன்ன வட்டாரத்தவர் என்று ஒருவாறு ஊகிக்கலாம். சுடலைமாடன் எனில் திருநெல்வேலிப் பக்கம். ஏழுமலை எனில் திருப்பதிக்குச் செல்லும் வழியில் உள்ள வடமாவட்டங்கள். அண்ணாமலை எனில் திருவண்ணாமலையைச் சுற்றிய ஊர்கள். பழனி, சிதம்பரம், மதுரை என ஊரே பெயராகவும் வந்தது.

அப்பெயர்கள் நாகரிகமற்றவை என்று இன்றைய இளையோர் நகைக்கின்றனர். அவற்றின் பொருள் அறிந்தால் நகைப்பு வாராது. மாரிமுத்து என்பதை எடுத்துக்கொள்வோம். அம்மை நோயால் உடலில் எழும் கொப்புளங்களை முத்து என்றே மக்கள் வழங்கினர். நோய் என்று சொல்ல அஞ்சி, அம்மன் இட்ட முத்து என்றனர். அந்நோய் ஊரை வாரிக்கொண்டு போன நாள்களில் நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளையும், நோயினின்று தப்பிய பிள்ளையும் மாரியின் முத்து ஆயினர். குப்பன், குப்பம்மாள், பிச்சை ஆகிய பெயர்களின் பின்னால் இதனினும் ஆழ்ந்த துயர் உண்டு. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறக்கக் கண்ட தாய், அடுத்துப் பிறந்ததைக் குப்பையிற் கிடத்தி எடுத்தோ, தவிட்டுக்கு விற்று மீண்டும் வாங்கியோ, விதியின் கண்ணிலிருந்து மறைக்க முயன்றாள். இது விலையற்றது, இதனை எடுத்துச் செல்லாதே என்று கூற்றுவனுக்குச் சொல்லும் சொல் குப்பன் என்பது. அன்பின் மிகுதியால் இடப்பட்ட இழிபெயர் அது.

அன்பின்றி இடப்பட்ட பெயர்களும் இருந்தன என்பதை மறைத்தல் ஆகாது. பெண்மகவு தொடர்ந்து பிறந்த வீடுகளில் போதும்பொண்ணு என்றும், வேண்டாம் என்றும் பெயரிட்டனர். அப்பெயரிட்டால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது நம்பிக்கை. அப்பெண் வாழ்நாள் முழுதும் தன்னை வேண்டாத சொல்லாலேயே தன்னைக் குறிக்க வேண்டியிருந்தது.

தமிழ்க் கிறித்தவரும் முசுலிம்களும் இத்துறையில் செய்த மொழியாக்கம் தனியே ஆராயத்தக்கது. சிறியவர் எனப் பொருள்படும் பால் என்னும் பெயர் சின்னப்பர் ஆயிற்று. பாறை எனப் பொருள்படும் பீட்டர் இராயப்பர் ஆனார். இறையருளைக் குறிக்கும் யோவான் அருளப்பர் ஆனார். நாகூர் தர்காவில் அடங்கிய பெரியாரின் நினைவாகச் சாகுல் அமீதும் நாகூர் மீரானும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பெருகினர்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நின்ற வரிசையில் சின்னசாமிகள் நால்வர் இருப்பர். கறுத்த சின்னசாமி, மாட்டுக்காரச் சின்னசாமி என அவர்கள் வேறுபடுத்தப்பட்டனர். அவர்களுடைய பெயரைச் செக்ரோல் புத்தகத்தில் ஆங்கில எழுத்தில் எழுதியவர் கிராணி. அவர் யாழ்ப்பாணத்தவராகவோ மலையாளியாகவோ இருந்தது பெரும்பான்மை. எழுதப்பட்டது சரியா என்று பார்க்க, பெயருக்கு உரியவருக்கு எழுத்து தெரியாது. இலக்குமி லெச்சுமி ஆனாள். கிருஷ்ணன் கிஸ்ணன் ஆனான். முனிசாமி ஓரிடத்தில் முனுசாமி என்றும் மற்றோரிடத்தில் முனியசாமி என்றும் பதிவானான். ழகரமும் ளகரமும் லகரமும் ஒரே எழுத்தாய்க் குழைந்தன. 1948ஆம் ஆண்டு அவசரகாலத்தில் அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, பிறப்புப் பத்திரத்தில் ஒருவகையாகவும் தோட்டப் பதிவில் வேறுவகையாகவும் இருந்த பெயர் மூன்றாவது வகையாக அதில் ஏறிற்று. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளின் பத்திரங்களில் தந்தை பெயர் வெவ்வேறு எழுத்துக் கூட்டலில் அமைந்துவிட்ட குடும்பங்கள் பல. குடியுரிமை கோரியபோதும், சேமநிதிப் பணத்தை வாரிசுகள் பெறச் சென்றபோதும் அவ்வெழுத்துப் பிழை மலைபோல் வந்து நின்றது. தந்தை இன்னார் என்பதை ஊரறியும்; தாள் அறியவில்லை. பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் பத்திரத்தைப் படித்துப் பார்த்து, பிழை இருப்பின் அன்றே திருத்தச் சொல்லும் ஆசிரியர் செய்யும் தொண்டு, பாடம் நடத்தும் தொண்டிற்குக் குறைந்ததன்று.

எனினும் மலாயாத் தமிழர் ஒரு வகையில் பேறு பெற்றோர். 1860ஆம் ஆண்டு முதல் நேட்டாலுக்குச் சென்ற தமிழர், மேலையர் முறைப்படி குடும்பப் பெயர் கொள்ள நேர்ந்தது. முதலி என்பது மூட்லி என்றும், கவுண்டர் என்பது கவெண்டர் என்றும் உருமாறித் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றது. மொரிசியசிலும் ரீயூனியன் தீவிலும், என்றோ கப்பலேறிய ஒரு ராமசாமியின் அல்லது ஒரு சின்னத்தம்பியின் பெயர் அவனுடைய கொள்ளுப்பேரர் எல்லாருக்கும் குடும்பப் பெயராய் உறைந்துவிட்டது. இங்கோ மலாய் மொழியின் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் தொடர்கள் துணைக்கு வந்தன. மகன், மகள் என்பனவே அவற்றின் பொருள். சிங்கப்பூரில் ஆங்கிலச் சொற்கள் அப்பணியைச் செய்தன. புகழூர்ப் பாறையில் மகன் என்னும் சொல் எந்த வேலையைச் செய்ததோ, அதே வேலையை இந்நாட்டு அடையாள அட்டையில் மலாய்ச் சொல் செய்கின்றது. தந்தை முன்னும் மகன் பின்னுமாய் நின்ற வரிசை மட்டும் தலைமாறிற்று. அயல்மொழிச் சொல் ஒன்று தமிழ் மரபைக் காத்து நிற்பதைச் சிலர் இழிவெனக் கருதி அதனை நீக்க விழைகின்றனர். அவ்விழைவு ஆராய்ச்சியின்பாற்பட்டதன்று.

இதில் பெண்களுக்கு விளைந்த நன்மை ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் மணமானபின் தந்தையின் முன்னெழுத்தை விட்டுக் கணவனின் முன்னெழுத்தை ஏற்கும் பெண்கள் பலர். மலேசியத் தமிழ்ப் பெண்ணின் அட்டையில் மணத்திற்குப் பின்னும் தந்தை பெயரே நிலைத்து நிற்கின்றது.

பெயர் எத்துணை வன்மை உடையது என்பதை மலாக்கா செட்டிகளிடம் காணலாம். மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே வந்து மணவுறவு கொண்டு இம்மண்ணோடு கலந்த தமிழ் வணிகரின் வழிவந்தோர் அவர்கள். வீட்டில் பேசுவது மலாய்; உடையும் உணவும் மலாயரை ஒத்தவை. ஆயின் 1781ஆம் ஆண்டு எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. பிள்ளை, நாயக்கர், செட்டி என்பன அவர்கள் பெயர்களில் இன்றும் ஒட்டியிருக்கின்றன. மொழி போய்விட்ட பின்னும் பெயர் போகவில்லை. சாதிப் பட்டத்தைத் துறந்த தமிழர் அதனை இழிவு என்பர். செட்டிகளுக்கோ முன்னோரோடு தம்மைப் பிணைக்கும் எஞ்சிய நூல்களுள் ஒன்று அது. ஒரே சொல் இடத்திற்கேற்ப இருவேறு எடை பெறுகின்றது.

தனித்தமிழ்ப் பெயர்களின் வரலாறு ஆசிரியர் அறிந்ததே ஆதலின் ஈண்டு விரிக்கவில்லை. சூரியநாராயண சாஸ்திரியார் தம்மைப் பரிதிமாற்கலைஞர் எனப் பெயர்த்துக்கொண்டதும், 1916ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபின் சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் இராமையா அன்பழகனாகவும் மாறியதும் ஒரே நீரோட்டத்தின் அலைகள். இந்நாட்டிலும் ஒரு தலைமுறை ஆசிரியர் தம் பிள்ளைகளுக்கு இளங்கோ, கபிலன், மணிமேகலை, பூங்கொடி என்று பெயரிட்டனர். தம்மிடம் பெயர் கேட்டு வந்த பெற்றோர்க்கும் அவ்வாறே எழுதித் தந்தனர். அவ்வார்வத்தில் ஒரு பிழையும் நேர்ந்தது. மாரிமுத்துவும் கருப்பாயியும் தமிழல்லாதன போலவும், இலக்கியத்தில் இருந்து எடுத்தவை மட்டுமே தமிழ் போலவும் எண்ணும் மனநிலை வளர்ந்தது. மாரியும் முத்தும் கருப்பும் ஆயியும் தமிழன்றி வேறு எம்மொழி? அவை ஏழைகளின் பெயர்கள், அவ்வளவே. ராமசாமி என்னும் பெயரே தோட்டத் தமிழனை இகழும் சொல்லாக ஒரு காலத்தில் வழங்கப்பட்டது. இகழ்ந்தவனைத் திருத்துவதை விட்டுப் பெயரை மாற்றிக்கொள்வது எளிதாயிருந்தது.

இன்று பதிவேட்டில் காணும் பெயர்கள் எண்கணிதத்தால் ஆகியவை. பிறந்த நேரத்திற்குரிய ஓரெழுத்தைச் சோதிடர் தருகின்றார். அதனை வைத்துப் பொருள் தெரியாத ஓர் ஒலிக்கோவையைப் பெற்றோர் தேடுகின்றனர். பின்னர்க் கூட்டுத்தொகை சரிவர ஆங்கிலத்தில் ஒரு 'ஹெச்' எழுத்தைக் கூட்டியும் ஓர் 'ஏ' எழுத்தை இரட்டித்தும் எழுதுகின்றனர். கிராணி அறியாமல் செய்த பிழையைக் கட்டணம் கொடுத்துச் செய்துகொள்வது இது. பாட்டன் பெயர் எங்கும் இல்லை. பேரன் என்னும் சொல் மட்டும் இருக்கின்றது.

நான்காம் ஆண்டு மாணவரிடம் குடும்ப மரம் வரைந்துவருமாறு கூறினால், தந்தை தாய் பெயர்களைத் தடையின்றி எழுதுவர். பாட்டன் பெயரைத் தந்தையின் அடையாள அட்டையிலிருந்து எழுதிக்கொள்வர். பாட்டி என்னும் கட்டத்தில் ஆயா என்றோ அம்மாயி என்றோ எழுதிவருவோர் உளர். அந்த மூதாட்டியின் பழைய அட்டையை எடுத்துப் பார்த்துவரச் சொன்னால், லெச்சுமி, மாரிமுத்துவின் மகள் என்று அதில் இருக்கும். லெச்சுமியைப் பெற்றவள் பெயர் அதில் இராது. அதனை அறிந்தவள் லெச்சுமி ஒருத்தியே. அவள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.